திறந்திருக்கும் புகார்கள்: பூஜ்யம்

டெரோ என்ற ரோபோ ஓயாமல் புகார் எழுதுகிறது, அதைக் குறைக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டப்பட்ட கூட்டம், இன்னொரு ரோபோவையும் வைத்துக்கொள்வது என்ற முடிவோடு கலைந்தது. ஹிமேனா அதை நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே எழுதினாள். ஆச்சரியக்குறி போடவில்லை. போடத் தோன்றவும் இல்லை. தோன்றவில்லையே என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்தது என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம். மரத்துப்போன காலில் யாரோ கை வைத்தால் தெரியுமே, அப்படி.

'கம்பானா' என்றால் மணி. அது ஓர் இலவச மென்பொருள். ஆற்றில் நட்டிருக்கும் கருவி நீர்மட்டத்தைச் சொல்லும். மட்டம் ஏறினால் கரையோரக் குடியிருப்பில் சைரன் ஊதும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு, உருகுவாயின் தலைநகர் மொந்தெவிதேயோவில் படித்துக்கொண்டிருந்த சில பிள்ளைகள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். உருகுவாய் ஆற்றங்கரையின் சின்னச் சின்ன ஊர்கள் அதை எடுத்து மாட்டிக்கொண்டன. பிள்ளைகள் படிப்பு முடிந்து வெளிநாடு போனார்கள். மென்பொருளைக் காப்பாற்ற ஓர் ஆட்சிக்குழு வந்தது. குழுவில் ஒருவருக்கும் மென்பொருள் எழுதத் தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். ஒருவருக்கு முன்பு தெரிந்திருந்தது.

இந்த மாதிரி மென்பொருளை யாரும் முழுக்கத் தாங்களே எழுதுவதில்லை. எங்கெங்கோ யார் யாரோ எழுதி வைத்த துண்டுகளை எடுத்துச் சேர்ப்பார்கள். அந்தத் துண்டுக்கு பேக்கேஜ் என்று பெயர். தேதி சொல்ல ஒரு பேக்கேஜ், வரைபடம் போட ஒன்று, சைரனைத் தட்ட ஒன்று. அந்த யார் யாரோ சும்மா இருப்பதில்லை. தினமும் எதையாவது புதுப்பிக்கிறார்கள். 'இன்ன பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்ளவும்' என்று உடனுக்குடன் திட்டத்தின் புகார்ப் பலகையில் எழுதி வைப்பதுதான் டெரோவின் வேலை. டெரோ என்பது அந்த ஊர் வயல்களில் கத்திக்கொண்டே திரியும் ஆள்காட்டிக் குருவி. ரோபோவுக்குப் பெயர் வைப்பதற்காக மட்டும் ஒரு கூட்டம் நடந்தது. "அந்தக் குருவி முட்டையை ஒரு பக்கம் வெச்சுட்டு வேற பக்கம் நின்னு கத்துமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுதான்யா விழிப்புணர்ச்சி," என்றார் தலைவர் வாஷிங்டன் எச்சேகரை. வாஷிங்டன் என்பது அவருடைய சொந்தப் பெயர்தான்; அவர் தலைமுறையில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் உண்டு.

புகார்ப் பலகையைப் பார்த்துக்கொள்வது ஹிமேனா. சம்பளமில்லாத வேலை. பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். கணவன் எபெர் வீட்டை விட்டுப் போனானே, அந்த வருஷம்தான் இதில் வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வேண்டியிருந்தது முடியக்கூடிய காரியங்கள். வீட்டில் எதுவும் முடிந்தபாடில்லை. எபெர் போய்விட்டான், ஆனால் அவனுடைய சவரக் கிரீம் குளியலறையில் இருந்தது. பலகையில் அப்படி இல்லை. ஒரு புகார் வரும், அவள் விசாரிப்பாள், யாராவது சரிசெய்வார்கள், 'மூடு' என்ற பொத்தானை அமுக்குவாள். மூடிவிடும். மார்புக்குள் எங்கோ ஒரு சின்ன இழுப்பறை சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பொருந்துகிற மாதிரி இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே அவள் சில சமயம் பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு புகாரை மூடியிருக்கிறாள்.

டெரோ வந்த பிறகு புகார்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்தன. அவற்றில் விசாரிக்க எதுவும் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைத் துடைப்பம் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. நூலகத்தின் பின்னறையில் குழு கூடும். வாஷிங்டன் சுரைக்குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, சுற்றுக்கு விடுவார். ஒரே குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல். குடித்துவிட்டு அவரிடமே திருப்பித் தர வேண்டும், அவர் நிரப்பி அடுத்தவருக்குத் தருவார். அது ஒரு சுற்று வருவதற்குள் ஹிமேனா பலகையில் இருப்பது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மொத்தமாக மூடிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் தலைப்புகளையாவது படித்தாள். பிறகு நிறத்தை மட்டும் பார்த்தாள். பிறகு அதுவும் இல்லை. இழுப்பறை உள்ளே போகும் சுகமும் எப்போதோ நின்றுபோயிருந்தது. எப்போது என்று யோசித்தால் சரியாக நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது ரோபோவுக்கு, மண்ணால் கூடு கட்டும் ஒர்னேரோ குருவியின் பெயர். டெரோ எழுதியதை ஒர்னேரோ ஒப்புக்கொள்ளும், பேக்கேஜைச் சேர்க்கும், மூடும். புகார் எழுதும் மனிதர்கள் தங்களை யாரும் மதிக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள் என்பதால், மூடியதும் 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று எழுத மூன்றாவது ஒன்று வந்தது. அன்றைக்கு மட்டும் ஹிமேனா வாயைத் திறந்தாள்.

"சார், நம்ம ஊர்ல மாத்தேயைத் திருப்பிக் குடுக்கும்போது நன்றின்னு சொன்னா, போதும், எனக்கு இனிமே ஊத்த வேணாம்னு அர்த்தம். வேற எப்பவும் அந்தச் சுத்துல யாரும் நன்றி சொல்ல மாட்டோம். புகார் குடுக்கறவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?"

"தப்பா எங்க எடுத்துக்கறாங்க? சரியா எடுத்துக்குவாங்க," என்றார் வாஷிங்டன். "அதுதானே ஹிமேனா நமக்கு வேணும்."

மனிதர்கள் மனம்போன போக்கில் எழுதுவதால் ரோபோக்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று அடுத்ததாக ஒரு படிவம் வந்தது. பேக்கேஜ் பெயர், பதிப்பு, எதிர்பார்த்தது, நடந்தது. பேக்கேஜ் பெயரை நிரப்பினால் புகார் நேராக ஒர்னேரோவிடம் போகும். நிரப்பாத ஒன்றிரண்டு மட்டும் ஹிமேனாவின் வெள்ளிக்கிழமைத் துடைப்பத்துக்கு மிஞ்சும். பலகையின் உச்சியில் ஒரு பச்சைக் கட்டம் ஒளிர ஆரம்பித்தது: திறந்திருக்கும் புகார்கள்: பூஜ்யம். ஆட்சிக்குழு அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பின்னறைச் சுவரில் மாட்டியது. கட்டம் மாறினால் படமும் மாற வேண்டுமே என்று பிறகு ஒரு சின்னத் திரை வாங்கி அந்தச் சட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள்.

அதிகப் பங்களிப்பு செய்பவருக்குக் குழுவில் ஓர் இடம் என்பது விதி. எழுதிய பிள்ளைகள் காலத்து விதி. அந்த வருஷம் எண்ணிப் பார்த்தபோது பங்களிப்பில் டெரோவுக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. செயலாளர் இவோன் விதியை இரண்டு முறை வாசித்தாள். "ஆள்னு எங்கயும் போடல. பங்களிப்பவர்னுதான் போட்டிருக்கு," என்றாள். ஆக, டெரோவுக்கு ஒரு நாற்காலி. அதன் மேல் வாஷிங்டன் தன் பிளாஸ்கை வைத்துக்கொள்வார்.

நவம்பரில் ஒரு மத்தியானம், கண்ணாடிக் கடையில் ஹிமேனாவின் செல்போன் அடித்தது.

"கம்பானாங்களா?"

"ஹிமேனா பேசறேன். நீங்க யாரு?"

"அப்பாடா, குரல் வருது. நான் தெல்மா. சான் எலாதியோல பந்து உருட்டற கிளப்புல கேன்டீன் நடத்தறேன். உங்க சைரன் எங்க மொட்டைமாடிலதான் இருக்கு. சைரனை எப்படி மாட்டறதுன்னு ஒரு குறிப்பு குடுத்தீங்களே, அதுல கடைசிப் பக்கத்துல இந்த நம்பர் இருந்துச்சு. ஆமா, நீ நெஜமாவே மனுஷிதானா?"

"ஆமாக்கா."

"எங்க, என்னைத் திட்டு பாப்போம்."

"திட்டறதா?"

"ரோபோவுக்குத் திட்டத் தெரியாது. திட்டேன்."

ஹிமேனா யோசித்தாள். ஒரு வசவுகூட வாயில் வரவில்லை. எபெர் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கும் இப்படித்தான், வந்திருக்க வேண்டிய எதுவும் வரவில்லை.

"சரி விடு," என்றாள் தெல்மா. "ரோபோன்னா இந்நேரம் நன்றி சொல்லியிருக்கும். நீ மனுஷிதான்னு நம்பறேன். இப்பக் கேளு. மாசாமாசம் சைரனை ஒரு தடவ ஊதிப் பாப்போம். இப்ப மூணு மாசமா ஊதல. என்னடான்னு ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பாத்தா, உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டி வந்து நிக்குது. 'நீங்கள் நிச்சயமாக சைரனை ஊத விரும்புகிறீர்களா? ஆம், இல்லை.' ஏம்மா, ஆறு உள்ள வந்து ஸ்டோர் ரூம் முழுகினப்புறம் யாரு ஆம்னு அமுக்குவா? ஆத்து மீனா?"

"ஆள் யாராவது பக்கத்துல இருந்தா..."

"இருக்கோமே! முறை போட்டு உக்காந்திருக்கோம். அந்தப் பெட்டிக்கு அதுவும் பொறுக்கல. கொஞ்ச நேரம் நிக்குது, பதில் வரலைன்னு தானா மூடிக்குது. ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள மூடிக்கிச்சுன்னு நேத்து ஒருத்தர் அழாத குறை."

"பழைய கை சைரன் இருக்குமே?"

"நவீனம் வந்துருச்சுன்னு அதை அப்பவே கழட்டிட்டாங்க. பிரேசில் பக்கம் மழை கொட்டுது. அணையில திறந்து விட்டா ரெண்டு மூணு நாள்ல இங்க வந்துரும். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலில இருக்காரும்மா. முன்கூட்டியே சத்தம் கேட்டாத்தான் நாலு பேரைக் கூப்பிட்டு அவரை மேட்டுல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு ஏத்த முடியும். மூணு தடவ புகார் எழுதினேன். மூணு தடவயும் நன்றி சொல்லி மூடிட்டீங்க."

"அது ரோபோக்கா. பேக்கேஜ் பேர் போட்டா அது தானா..."

"ரெண்டாவதும் மூணாவதும் ரோபோ. மொதல்ல மூடினது ஹிமேனான்னு போட்டிருக்கு. நீதானே அது?"

அவள்தான் அது. போனை வைத்துவிட்டுப் பலகையில் தேடி எடுத்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமைத் துடைப்பத்தில், பேக்கேஜ் பெயர் இல்லாததால் ஒர்னேரோ விட்டுவைத்த மிச்சத்துக்கு நடுவே, அதே படிவத்தில், அதே நிறத்தில், தெல்மாவின் புகார் இருந்தது. 'நடந்தது' என்ற இடத்தில் 'ஊதலை, பயமா இருக்கு' என்று எழுதியிருந்தாள். கீழே ஹிமேனாவின் பெயர், மூடிய நேரம். ஹிமேனா தனக்குக் குற்ற உணர்ச்சி வருகிறதா என்று காத்திருந்தாள். எதிரே ஒரு பெரியவர் கண்ணாடிச் சட்டம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாச் சட்டத்திலும் ஒரே மாதிரி இருந்தார். உணர்ச்சி வரவில்லை, ஆனால் அது வந்து நிற்க வேண்டிய இடம் எது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காலி நாற்காலி மாதிரி.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சைரனைத் தட்டும் பேக்கேஜை எழுதியவர், தெரியாமல் ஊதிவிட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்களே என்று நல்லெண்ணத்தில் ஒரு கேள்விப் பெட்டியைச் சேர்த்திருந்தார். டெரோ எழுதியது, ஒர்னேரோ ஒப்புக்கொண்டது, மூன்றாவது நன்றி சொன்னது. யாரும் படிக்கவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டால் சைரன் ஊதும். ஆனால் திரும்ப முடியாது. பேக்கேஜ் பதிப்பில் மனிதர்கள் கை வைக்கக் கூடாது என்பது ஒரு விதி. மனிதர்கள் தவறு செய்வார்கள். பதிப்பு எண் முன்னால்தான் போக வேண்டும், பின்னால் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. அதற்கு முற்போக்குக் கொள்கை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஹிமேனா அதைக் குழுவில் வைத்தாள். வாஷிங்டன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், யார் பேசினாலும் குறுக்கிட மாட்டார்.

"ஹிமேனா, நான் ஒண்ணு கேக்கறேன். திட்டம் நல்லா இருக்கா இல்லையான்னு நாம எதை வெச்சுச் சொல்றோம்?"

"புகாரை வெச்சு."

"புகார் எத்தனை இருக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். "பூஜ்யம்."

"பின்ன? எனக்கு அந்தம்மா மேல ஒரு கோவமும் இல்லை. சான் எலாதியோ நல்ல ஊர், நான் மீன் பிடிக்கப் போயிருக்கேன். ஆனா ஒருத்தர் போன்ல சொல்றதை வெச்சு நாம பச்சையை சிவப்பாக்கினா, நாளைக்கு எல்லாரும் போன் பண்ணுவாங்க. அப்புறம் நமக்கு எத்தனை புகார் இருக்குன்னு நமக்கே தெரிஞ்சுரும். அதுக்கப்புறம் நாம எப்படி நிம்மதியா வேலை பாக்கறது?"

"ஆறு ஏறினா சைரன் ஊதாது சார்."

"ஆறு ஏறல இல்ல இன்னும்? ஏறாத ஆத்துக்கு ஊதாத சைரன்னா அது சரியா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

இவோன் பேனாவை மூடினாள். "தீர்மானமா வெச்சுரலாம் சார், முறையா இருக்கும்." சைரன் பேக்கேஜில் பிழை இருக்கிறதா என்று பலகையில் தட்டினாள். தொழில்நுட்ப விஷயம் என்பதால் மற்றவர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். டெரோவின் வாக்கு உடனே வந்தது: 'சைரன் பேக்கேஜ் மிகப் புதிய பதிப்பில் உள்ளது. மாற்றம் எதுவும் தேவையில்லை.'

"ஒருமனதா நிராகரிப்பு," என்று எழுதிக்கொண்டாள் இவோன்.

வாஷிங்டனுக்கு மனசு கேட்கவில்லை. "அந்தம்மா நெஜமான ஆள்தானான்னு பாக்க ஒரு உபகுழு போடுவோம். பிப்ரவரில கார்னவல் திருவிழா முடிஞ்சதும் கூடட்டும். அதுக்கு முன்னாடி யாரும் ஊர்ல இருக்க மாட்டாங்க."

"வெள்ளம்?" என்றாள் ஹிமேனா.

"அதுவும் இருக்காது அப்ப," என்று சொல்லி அவளுக்கு மாத்தேயை நீட்டினார்.

சனிக்கிழமை காலை தெல்மா கூப்பிட்டாள். முந்தாநாளே அணையில் திறந்துவிட்டார்களாம். தண்ணீர் படித்துறையின் மூன்றாவது படியில் இருக்கிறதாம். இந்தத் தடவை அவள் திட்டச் சொல்லவில்லை, வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. "சரிம்மா, நாங்க முறை போட்டு உக்காந்துக்கறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஹிமேனா கெண்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். டெரோவின் கணக்குச் சாவி அவளிடம்தான் இருந்தது. அவ்வப்போது அதைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும்போது ஒரு கட்டம் வரும், அதில் டெரோவின் சார்பாக அவள்தான் டிக் போடுவாள். 'நான் ரோபோ அல்ல.' இப்போதும் அந்தக் கட்டம் வந்தது. இத்தனை நாள் யோசிக்காமல் அமுக்கிய கட்டம். இன்றைக்கு அவள் விரல் அதன் மேல் நின்றது. பொய் சொல்கிறோமோ என்று இருந்தது. யாருக்காகச் சொல்லும் பொய், டெரோவுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அமுக்கினாள்.

பழைய பேக்கேஜை, கேள்விப் பெட்டி இல்லாததை, எடுத்தாள். அதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எண்ணைக் கொடுத்தாள். விதிக்கு வேண்டியது முன்னால் போகும் எண்தான்; எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று விதி கேட்பதில்லை. பிறகு டெரோவாக எழுதினாள். 'சைரன் பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளவும்.' ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. எபெருக்கு ஒரு கடிதம் எழுத இரண்டு வருஷமாக முயன்று முதல் வரியைத் தாண்டாதவள் அவள். இந்தக் குரல் அவ்வளவு சுலபமாக வந்தது. உள்ளேயே இருந்தது போல. பயப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாள்.

கெண்டி விசில் அடிப்பதற்குள் ஒர்னேரோ ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்றாவது ரோபோ, உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் போன் வந்தது. எடுத்ததும் ஒரே சத்தம். போன் ஏதோ கெட்டுவிட்டதென்று காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். பிறகுதான் அது சைரன் என்று புரிந்தது. அதற்கு மேலே தெல்மாவின் குரல்:

"கேக்குதா? ஏ பொண்ணே, கேக்குதா உனக்கு? யாரும் எதையும் அமுக்கல, தானா ஊதுது!"

"அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?"

"மொட்டைமாடில! அவரை ஏத்தி அனுப்பியாச்சு, ஆறு பேர் தூக்கிட்டுப் போனாங்க, ராஜா மாதிரி! உனக்குக் கேக்கணும்னு நான் நின்னேன்!"

"தண்ணி?"

"கீழ கேன்டீன்ல நாற்காலி எல்லாம் மிதக்குது! நீ கேளு, நல்லாக் கேளு!"

லைன் அறுந்துவிட்டது. ஹிமேனா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் இருந்தது ஆறிப்போயிற்று. சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'பள்ளிக்கூடத்தில் இருக்கோம். எல்லாரும்.' அதை அவள் பல தடவை படித்தாள். அழுகை வரவில்லை. ஆறிப்போனதைச் சூடாக்கி முழுவதையும் சாப்பிட்டாள். 

வருஷக் கடைசி விருந்து நூலகத்தின் கொல்லையில் நடந்தது. தணலில் மாட்டு விலா வெந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டத் திரையை உள்ளேயிருந்து கழற்றிக் கொண்டுவந்து மரத்தில் மாட்டியிருந்தார்கள். இவோன் ஹிமேனாவைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மனசு கஷ்டப்படாதே. மூணு மாசமா உன் பேர்ல பங்களிப்பு ஒண்ணும் இல்லை. மூடறதெல்லாம் ஒர்னேரோ பேர்ல போகுது. விதிப்படி உன் பேரைப் பட்டியல்லேருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா டெரோவுக்கு இன்னிக்கு விருது. வாங்கிக்க ஆள் வேணும். அவரை உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

வாஷிங்டன் எழுந்து நின்றார். 

"சான் எலாதியோல வெள்ளம் வந்துச்சு. சைரன் ஊதிச்சு. ஒரு உயிர்ச்சேதம் இல்லை. எப்படி? வெள்ளத்துக்கு முந்தின நாள்தான் சைரன் பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. டெரோ பாத்துது, எழுதிச்சு, சேத்துது. ஒரு மனுஷக் கை படல! நாங்க யாரும் ஒண்ணுமே செய்யல. இதை நான் பெருமையாச் சொல்றேன். இந்தக் குழு அன்னிக்கு எதுவும் செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஹிமேனாவும் தட்டினாள். வெண்கலத்தில் செய்த ஆள்காட்டிக் குருவி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்கள். நல்ல கனம். அதை டெரோவின் நாற்காலியில், பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்போது மரத்திலிருந்த திரை சிவப்பாயிற்று. திறந்திருக்கும் புகார்கள்: ஒன்று.

"என்ன இது, விருந்து நாள்ல?" என்றார் வாஷிங்டன். இவோன் தன் போனில் பலகையைத் திறந்து வாசித்தாள்.

"பேக்கேஜ் பெயர்: தெரியாது. பதிப்பு: தெரியாது. எதிர்பார்த்தது: இந்தத் தடவையும் யாரும் பாக்க மாட்டாங்க. நடந்தது: யாரோ பாத்தாங்க. எழுதினது தெல்மா. இதுல என்ன சார் பிழை? பேக்கேஜ் பேர் இல்லாததால ஒர்னேரோ தொட மாட்டேங்குது. 'மனிதர் பார்க்க வேண்டும்'னு சீட்டு ஒட்டிட்டு நிக்குது."

 வாஷிங்டன் ஒரு மாத்தே நிரப்பி ஹிமேனாவிடம் நீட்டினார்.

"பேர்தானே எடுத்தோம், சாவி உன்கிட்டதானே இருக்கு? அதைக் கொஞ்சம் மூடிட்டு வந்துரு. கறி ஆறிடும்."

ஹிமேனா குடுக்கையை வாங்கிக்கொண்டாள். சூடாக, கசப்பாக இருந்தது. நிதானமாக, அடியில் களகளவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினாள். குடுக்கையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி," என்றாள்.

வாஷிங்டன் பிளாஸ்கைச் சாய்த்தபடி அப்படியே நின்றார். "இப்பத்தானே சுத்து ஆரம்பிச்சிருக்கு?"

"நன்றி சார்," என்றாள் மறுபடியும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் வாசலைத் தாண்டும்போது, "அப்ப இதை யாரு மூடறது?" என்று இவோன் கேட்பது காதில் விழுந்தது. எல்லோரும் வெண்கலக் குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஹிமேனா போனில் தெல்மாவின் புகாரைத் திறந்தாள். பதில் எழுதும் இடத்தில் விரல் தானாக 'உங்கள்' என்று ஆரம்பித்தது. அழித்தாள்.  மிதக்கும் நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. மொட்டைமாடி வந்தது. பிறகு, அன்றைக்கு வாயில் வராத வசவு விரலில் வந்தது.

'அக்கா, உனக்கு அறிவு இருக்கா? சைரன் ஊதினா ஓடறதுக்கா, போன்ல எனக்குக் காட்டறதுக்கா? தண்ணி உள்ள வந்துருச்சுன்னு தெரிஞ்சும் மாடியில நின்னு கூத்தடிச்சியே, லூசா நீ? உனக்கு எதாவது ஆகியிருந்தா அந்த மனுஷனை யார் பாப்பா?'

அனுப்பினாள். 'மனிதர் பார்க்க வேண்டும்' என்ற சீட்டை எடுத்தாள். புகாரை மூடவில்லை.